இடம் வலம் மாறிய எட்டுப் பாட்டு

கிட்டார் சொல்லிக்கொடுக்கும் தம்பிகளே, உங்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கிட்டார் பாட்டுப் புத்தகம் அச்சிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்றின் பெயரும் ‘எளிய’ என்றுதான் ஆரம்பிக்கிறதாம். சந்தோஷம். ஆளுக்கொரு புத்தகம் போடுவதற்கு முன்னால் ஆளுக்கு நாலு மாணவரையாவது சேர்த்திருக்கலாம், அது உங்கள் பாடு. நான் பெட்டியை மூடி வைத்துவிட்டவன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு புத்தகத்தை முதலில் போட்டவன் நான். நீங்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். யாரும் கேள்விப்படாமல் இருப்பதற்கு நான் நிறைய உழைத்திருக்கிறேன்.

மலைமேல் அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்ந்த நேரத்தில் பலாப் பலகையில் கிட்டார் செய்வார், வாசிப்பார், கேட்டவர்களுக்கு விற்பார். எங்கள் கத்தோலிக்க ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விடுமுறைகளில் மலையேறிப் போய் அந்தத் தச்சரிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அவருக்குப் பாதி மலையாளம், பாதி தமிழ். ஒருநாளும் என் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மாட்டார். நான் எதிரில் போய் உட்கார்ந்தால் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார்.

“முன்னால இருந்து பார்த்தா எல்லாம் மறிச்சுத் தெரியும் மாஷே. ஒரே பக்கமா இருந்து பாரும்” என்பார். மாஷ் என்றால் அவர்கள் ஊரில் வாத்தியார்; மறிச்சு என்றால் திருப்பிப் போட்ட மாதிரி.

நான் அதை அவருடைய கிறுக்குகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கற்றுக்கொடுக்கிறவர் சொல்வதில் நமக்குப் புரியாததெல்லாம் கிறுக்கு என்று நினைக்கும் வயது. உங்கள் வயதுதான்.

தச்சர் ஊர் திரும்பியபின் பள்ளத்தாக்கில் கிட்டார் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆயிற்று. அவர் விற்ற கிட்டார்களோ கூடலூரிலிருந்து தேவதானப்பட்டி வரைக்கும் ஆணியில் தொங்கின. வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஆசை இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நான் ஊர் ஊராகப் போக முடியுமா? புத்தகம் போடலாம் என்று தோன்றியது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளில் எட்டுப் பாட்டு. மொத்தமே மூன்று பிடி, அதாவது விரல்களைச் சேர்த்து நரம்புகளை அழுத்தும் மூன்றே விதம். நீங்கள் இன்று நாக்கைச் சுழற்றி ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்கிறீர்களே, அதை நாங்கள் பிடி என்றுதான் சொன்னோம். இங்கிலீஷ் இசைக்குறிகள் யாருக்கும் தெரியாது என்பதால், கிட்டாரின் கழுத்தைப் படமாகப் போட்டு, எந்த நரம்பில் எந்த விரல் என்று புள்ளி வைத்துக் காட்டுவது என் யோசனை. நல்ல யோசனை. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறீர்கள்.

படங்களை வரைந்து எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அங்கே அச்சாபீஸுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கிக் கொடுக்கும் ஒரு மனிதர் இருந்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் பூவும் கொடியும் செதுக்குவதுதான் அவருடைய வழக்கமான வேலை. என் தாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஐயா, கட்டையில திருப்பிப் போட்டுறவா?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி பகலாக அளவெடுத்து வரைந்த படம். அதைத் திருப்பிப் போட இவர் யார்?

“நான் போட்டது போட்டபடி இருக்கணும். ஒரு மயிரிழை மாறக் கூடாது” என்றேன்.

“சரிங்க” என்றார். அவர் சொன்ன சொல் தவறாதவர். ஒரு மயிரிழையும் மாற்றவில்லை. என் படம் கட்டையில் அச்சு அசலாக இருந்தது. மை தடவித் தாளில் ஒற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. பூவும் கொடியும் திரும்பி விழுந்தாலும் பூவும் கொடியும்தான். கிட்டாரின் கழுத்து அப்படி இல்லை.

அச்சடிப்பதற்கு முன் திருத்தம் பார்க்கச் சொல்லி மாதிரித் தாள்களை அனுப்பினார்கள். நான் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் பெயர் சரியாக இருந்தது. கீழே ஊர்ப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது; அதைக் கண்டுபிடித்துத் திருத்தி, என்னுடைய கூர்மையை நானே மெச்சிக்கொண்டு திருப்பி அனுப்பினேன். படங்களை நான்தானே வரைந்தேன், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

புத்தகம் நன்றாகவே போயிற்று. ஒரு மாதம் கழித்துக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் கடிதம் பழனிசெட்டிபட்டி வண்டிப்பேட்டையில் கணக்கெழுதும் சூசையிடமிருந்து. மலை வேலைக்குச் சாமான் ஏற்றிப்போகும் மாட்டு வண்டிகள் தங்கிப்போகும் இடம் அது. “ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். முதல் பாட்டைத் தங்கள் படத்தில் உள்ளபடியே வாசிக்கிறேன். மாடுகள் கயிற்றை அறுக்கின்றன” என்று எழுதியிருந்தான். பயிற்சி போதாது என்று பதில் போட்டேன். தேவதானப்பட்டியிலிருந்து ஒரு கம்பவுண்டர் எழுதினார். விரல் பருமன் காரணமாக இருக்கலாம் என்று அவருக்குச் சொன்னேன். மூன்றாமவருக்கு நகத்தை வெட்டச் சொன்னேன். நாலாமவருடைய கிட்டார் மட்டமான பலகை என்று பார்க்காமலே தீர்ப்புக் கொடுத்தேன். எழுதியவர்கள் எல்லாரும் மறு கடிதத்தில் எனக்கு நன்றி சொன்னார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள வருகிறவன் தன் காதைவிட நம் வாயைத்தான் நம்புவான். பாவம், அவனுக்கு வேறு வழி இல்லை.

இந்த லட்சணத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஊர்ச் சாமியாரிடம் போய், கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எட்டுப் பேர் கிட்டார் வாசிப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். “என் முகத்தையே பார்க்காமல் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கற்றவர்கள்” என்று சேர்த்துச் சொன்னேன். சாமியார் பக்கத்து ஊர்ச் சாமியார்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். புத்தகம் வாங்கியவர்களில் எட்டுப் பேரைத் தேர்ந்து கடிதம் போட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால், ஒத்திகைக்காக எல்லாரையும் சூசையின் வண்டிப்பேட்டைக்கு வரச்சொன்னேன்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். வாசித்தார்கள்.

சூசையின் கடிதத்தில் மாடுகளைப் பற்றி இருந்தது உண்மை. ஏழு பேர் ஏழு கதவுகளை ஒரே நேரத்தில் இழுத்து மூடுகிற மாதிரி இருந்தது. சூசையின் மனைவி மரியம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வாத்தியாரய்யா வந்தா சரியாயிரும்னு இவுக சொன்னாக. வந்துட்டீக. இன்னும் அப்பிடியேதான் இருக்கு” என்றாள்.

“எல்லாரும் பிடியை அழுத்திப் பிடிக்கணும்” என்றேன். அழுத்திப் பிடித்தார்கள். கதவுகள் இன்னும் பலமாக மூடின. நானும் கூசாமல் அவர்கள் எதிரில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்து பார்க்கிறவனுக்கு அவர்களுடைய விரல்கள் எந்த நரம்பில் இருந்தாலும் ஒன்றுதான்.

சாயங்காலம் எட்டாவது ஆள் வந்தார். பெயர் கருப்பையா. கூடலூர்ப் பக்கத்துக்காரர், கணவாய்ப் பாதையில் பாறை உடைக்கும் வேலையில் இருந்தவர். காலி வண்டிகளில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். தோளில் சாக்கில் சுற்றிய கிட்டார். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருந்தன. மற்றதை வெடி கொண்டுபோயிருந்தது. நரம்பை அழுத்த வேண்டிய கை அது. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. தங்களைவிட மோசமாக ஒருவராவது வாசிப்பார் அல்லவா.

அவர் கிட்டாரை மாற்றிப் பிடித்தார். வலது கையால் அழுத்தினார், இடது கையின் இரண்டு விரலால் மீட்டினார். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, மூன்றாவது. ஒரு தடங்கல் இல்லை. பேட்டையில் மாடுகள் கூட அசைபோடுவதை நிறுத்தவில்லை.

“எப்பிடிங்க?” என்றான் சூசை.

“ஐயா போட்ட படத்தப் பாத்துத்தான். எனக்கு எழுத்து தெரியாதுங்க, உங்க கடுதாசியவே மேஸ்திரிதான் படிச்சுச் சொன்னாரு. படம் எப்பிடி இருக்கோ அப்பிடியே செஞ்சேன். தச்சரு குடிசையில ஒரு கீறல் விட்ட பெட்டி கெடந்துச்சு, நரம்பே இல்லாம. படத்துல தடிச்ச நரம்பு இந்தப் பக்கம் இருந்துச்சு. அப்பிடியே கட்டுனேன்.”

அப்போதுதான் அவருடைய கிட்டாரைப் பார்த்தேன். நரம்புகள் எல்லாம் வரிசை மாற்றிக் கட்டப்பட்டிருந்தன. சூசையின் மடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். அச்சாகி வந்த பிறகு முதல் பக்கத்தைத் தாண்டி நான் அதைத் திறந்தது அன்றைக்குத்தான். தடித்த நரம்பு வலது பக்கம் இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் அதன் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. எட்டுப் பாட்டிலும் எல்லாப் பிடியும், கண்ணாடியில் பார்ப்பது போல.

புத்தகத்தை மூடினேன். கம்பவுண்டர் கேட்டார்: “அஞ்சு விரல் இருக்கிற எங்களுக்கு வரல. இவருக்கு ரெண்டு விரல்ல வந்திருச்சு. அது எப்பிடி வாத்தியாரய்யா?”

இங்கேதான் தம்பிகளே, ஒரு மூச்சு விடும் நேரம் எனக்கு இருந்தது. புத்தகம் தப்பு என்று சொல்ல இரண்டு சொல் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பார்த்தீர்களா? இதுதான் உழைப்பு” என்றேன்.

இன்னும் ஒருபடி மேலே போய், விரல் இல்லாதவர் காட்டும் சிரத்தையைப் பார்த்து விரல் உள்ளவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அவர்களும் வெட்கப்பட்டார்கள். கருப்பையாவின் முகம் மலர்ந்துபோயிற்று. நான் சூசை வீட்டில் சாப்பிட்டேன். மரியம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் சூசை தன் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் முன்னால் வைத்தான்.

“யாருக்காச்சும் குடுத்துருங்கய்யா. எனக்குக் காது இல்ல, கையும் இல்ல. நேத்து அந்த மனுசனப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு.”

“அவுக ராத்திரி சாப்பிடக்கூட இல்ல” என்றாள் மரியம்மா.

அப்போது கருப்பையா வாசலுக்கு வந்தார். மரியாதையாக ஓரமாக நின்றுகொண்டு கேட்டார்: “ஐயா, ஒண்ணு கேக்கணும். நேத்து அவுக கிட்டாரப் பாத்தேன். நரம்பு வேற மாதிரில்ல கட்டியிருக்கு? இந்தப் படம் என்னைய மாதிரி ஆளுகளுக்குன்னு போட்டதா?”

எனக்கு ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது. “ஆமாம்” என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கருணைகூட வரவழைத்துக்கொண்டேன்.

அவருடைய கண் கலங்கியது. “எங்களையும் நெனச்சுப் போட்டீகளே” என்று கும்பிட்டார். பிறகு எந்தக் கள்ளமும் இல்லாமல், “அப்ப அவுகளுக்குன்னு போட்ட புத்தகம் எங்கய்யா? அதக் குடுத்தா அவுகளும் வாசிச்சுருவாகல்ல?” என்றார்.

சூசை என்னைப் பார்த்தான். மரியம்மாவும் பார்த்தாள். அந்தத் திறந்த வாசல் நேரே கிணற்றுக்குள் போகிறது என்று எனக்குப் புரிந்தது. அவருக்காகப் போட்டது என்றால், இந்த ஏழு பேரை நேற்று வெட்கப்படச் சொன்னது எதற்காக? நான் துணிச்சலால் உண்மையைச் சொன்னேன் என்று நீங்கள் யாரும் எண்ண வேண்டாம். சொல்ல வேறு பொய் மிச்சம் இல்லை, அதனால் சொன்னேன்.

ஏழு பேரையும் கூப்பிட்டு, மதுரையில் செதுக்குபவர் கேட்டதிலிருந்து மாதிரித் தாளில் நான் என் பெயரை மட்டும் பார்த்தது வரை ஒன்றையும் விடவில்லை. கம்பவுண்டர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பருமன் குறைய அவர் காடியில் ஊறவைத்துக்கொண்டிருந்தாராம், இரண்டு மாதமாக.

“ஐயையோ, மாட்ட இல்ல அடிச்சேன்!” என்று சூசை தலையில் கைவைத்துக்கொண்டான். பாட்டு வராத ஆத்திரத்தில், கயிற்றை அறுத்த மாடுகளை அடித்திருக்கிறான்.

மரியம்மாதான் கூர்மையாகக் கேட்டாள்: “நேத்து இவுக தலயக் குனிஞ்சுக்கிட்டு நின்னாகளே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா வாத்தியாரய்யா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டா கொழம்பு ஊத்தச் சொல்லிக் கேட்டீக?”

இப்போது தலையைக் குனிந்துகொண்டது நான்.

கருப்பையா புத்தகத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஓய்ந்த பிறகு கேட்டார்: “அப்ப, எனக்குன்னு போடலயா?”

“இல்லை.”

“சரிங்கய்யா” என்று மூடி மடியில் செருகிக்கொண்டார். ஏழு பேரும் திட்டியதைவிட அந்த ‘சரிங்கய்யா’தான் எனக்கு உறைத்தது.

மிச்சம் ஒன்பது நாள். வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நான் நினைத்தேன். சூசை விடவில்லை. “மூணு மாசம் தப்பா வாசிச்சுருக்கோம். ஒம்பது நாளு சரியா வாசிச்சுப் பாப்போமே” என்றான். எனக்கு உடனே பழைய புத்தி திரும்பிவிட்டது. போன மானத்தை மீட்க எட்டுப் பாட்டில் கடினமானதைப் பிடித்தேன், மூன்று பிடியும் மாறி மாறி வரும் அணிவகுப்பு மெட்டு. முதல் நாள் முழுக்க அதிலேயே போயிற்று. மறுநாள் கருப்பையா குறுக்கிட்டார்.

“அந்த நடவு மெட்ட வாசிக்கலாம்யா. ரெண்டு பிடிதான. எல்லாருக்கும் வாயில இருக்கிற மெட்டு.”

புத்தகத்தின் முதல் பாட்டு அது. நாற்று நடும் பெண்களின் மெட்டில் குழந்தை இயேசுவுக்கு நான் எழுதிய நாலு வரி. இவ்வளவு சாமியார்கள் வரும் இடத்தில் நடவு மெட்டா என்று கூசினேன். ஆனால் அந்த ஏழு பேருடைய முகத்தைப் பார்த்தேன். பாட்டின் பெயரைக் கேட்டதும் முதல் தடவையாக அவர்களுடைய தோள்கள் இறங்கின. சரி என்றேன். பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தேன். எதிரில் இல்லை, பக்கத்தில். அவர்கள் பார்ப்பதையே நானும் பார்த்து விரலை வைத்துக் காட்டினேன்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் முற்றத்தில் எட்டுப் பேரும் நின்றார்கள். இரண்டு பேர் முந்திக்கொண்டு ஆரம்பித்தார்கள். கம்பவுண்டர் ஒரு வரி பின்தங்கினார். கருப்பையா காலைத் தரையில் தட்டி எல்லாரையும் இழுத்துப் பிடித்தார். இரண்டாவது வரிக்குள் முற்றத்தில் இருந்த பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். மெட்டு அவர்களுடையது, விடுவார்களா? மூன்றாவது வரியில் கிட்டார்ச் சத்தமே கேட்கவில்லை. என் மாணவர்களுக்கு அதைவிட நல்லது எதுவும் நடந்திருக்க முடியாது. முடிக்கும்போது எட்டுப் பேரும் ஒரே இடத்தில் முடித்தார்கள்.

சாமியார் என்னிடம் வந்து, “பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு. வாத்தியம் எப்ப வாசிப்பாக?” என்று கேட்டார். சூசை தன் கிட்டாரை யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போனான்.

ஜனவரியில் இரண்டு காரியம் செய்தேன். சரியான படத்தோடு புத்தகத்தை மறுபடி அச்சிட ஏற்பாடு செய்தேன். பழைய புத்தகங்களில் மிஞ்சியதையெல்லாம், ஒன்றுகூட யார் கையிலும் சிக்கக் கூடாது என்று, வெந்நீர் அடுப்பில் போட்டேன். மூன்று நாள் அதில் குளித்தோம்.

நாலாம் நாள் கருப்பையா வந்து நின்றார்.

“அந்தப் பழைய புத்தகம் மூணு வேணும்யா. எங்கூட வேல பாத்தவுக மூணு பேரு. அவுகளுக்கும் இடது கைதான் போயிருக்கு. என் பெட்டியவே மாத்தி மாத்தி வாசிச்சுக்குவோம்.”

எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை.

“அன்னைக்குத் தெரியாமப் போட்டீக. இப்ப தெரிஞ்சே போட்டுக் குடுங்க” என்று தன் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். வாங்காமல் போகப் போவதில்லை என்று தெரிந்தது.

தாளும் மையும் எடுத்து வரைய உட்கார்ந்தேன். ஒரு பழகிய கைக்கு, பழகியதை மாற்றிப் போடுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று யோசித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. வரைந்து முடித்த ஒவ்வொரு தாளையும் அவர் வாங்கி, மடியில் கிட்டாரை வைத்து, வலது கை விரலை ஒவ்வொரு புள்ளியிலும் பதித்துப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர் என் படத்தைத் திருத்தம் பார்த்தார். எழுத்துத் தெரிந்த நான் ஒருநாளும் செய்யாத வேலை அது. முதல் இரண்டு பேருக்கான தாள்களை மடித்து எடுத்துக்கொண்டார். மூன்றாமவருக்கான கடைசித் தாளில் விரலை வைத்தவர் நிமிர்ந்தார். அதை என்னிடம் திருப்பி நீட்டினார்.

“இது சரியா இருக்குங்கய்யா. வேற போட்டுக் குடுங்க.”

வாங்கிப் பார்த்தேன்; தடித்த நரம்பு இடது பக்கம் இருந்தது. கிழித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன்.